மதகுச் சுவரில் ஒரு கூழாங்கல்

அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சியிலிருந்து வாடகைக் கார் பிடித்துப் பச்சைமலையில் ஓர் ஏரிக்குப் போனோம். நான், மனைவி, இரண்டு பையன்கள், மனைவியின் இடுப்பில் கைக்குழந்தை. ஏரியைச் சுற்றிச் சமதளப் பாதை. சின்னப் பிள்ளைகள்கூட அரைமணியில் நடந்துவிடலாம்.

கரையில் காவல்காரர் நின்றிருந்தார். ஒட்டிய கன்னம், சாயம் போன காக்கிச் சட்டை. எங்களோடு பேசும்போதும் அவர் கண் தண்ணீரிலேயே இருந்தது. சுற்றப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை மதகுச் சுவரில் வைக்க வேண்டும், திரும்பியதும் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். நாலு கல் வைத்தேன்.

"கைக்குழந்தைக்கும் வைங்க."

"அது நடக்கப் போறதில்லையேங்க."

"இருக்கட்டுங்க, வைங்க."

ஒரு கூழாங்கல் வைத்தேன். சுவரின் கோடியில் பாசி படிந்த கல் ஒன்று தனியாக இருந்தது. யாருடையது என்று மனைவி கேட்டாள்.

"அவங்க இன்னும் சுத்தி வரலைம்மா."

மனைவி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடி வந்தால் காவல்காரரைக் காணவில்லை. கற்களை அவசரமாக அள்ளிப் புதரில் வீசிவிட்டுக் காரில் ஏறினோம். முதல் வளைவு தாண்டியதும் திக்கென்றது: கூழாங்கல் கையில் பட்ட ஞாபகமே இல்லை. அந்த மழையில் வண்டியைத் திருப்ப டிரைவர் மறுத்துவிட்டார்.

அந்தக் கைக்குழந்தை இப்போது கல்யாணமாகி எடமலைப்பட்டி புதூரில் சுகமாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் எங்களைப் பார்க்க வருவதற்குக் கொஞ்சம் தாமதமானாலும், மதகருகே நின்று அந்தக் காவல்காரர் இன்னும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் எனக்குத் தோன்றும்.