கல்யாணி அக்காவும் டர்ன்டேபிளும்

கல்யாணி அக்கா போய்விட்டார். நேற்று சாயங்காலம் ஆபீஸ் முடிந்து நகரிக்குத் திரும்பும்போது, பஸ்ஸிலேயே... ஹார்ட் அட்டாக்.

புத்தூர் ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். நான் அதிகம் பேசமாட்டேன். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

அவருடைய நைனா வாங்கிச் சேர்த்த எல்பி ரெக்கார்டுகள் வீட்டில் இருந்தன. "ஸ்டேட் பிரிச்சி கோடு போட்டப்ப நைனா இந்த ஆந்திரா பக்கம், அவரு ரெக்கார்டு வாங்கற கடை அந்தத் தமிழ்நாட்டுப் பக்கம்" என்பார். பிளேயர் எப்போதோ கெட்டுப்போனது. ஒரு ரெக்கார்டையாவது முழுசாகக் கேட்டுவிட வேண்டும்... அவ்வளவுதான் அவருடைய ஆசை.

எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தவள் நான். அதனாலேயே எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினார். லஞ்ச் டைமில் சேர்ந்து புது பிளேயர்களின் ரிவ்யூ படித்தோம். பெல்ட் டிரைவ், தனி ஸ்பீக்கர், நல்ல முள்... ரெக்கார்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் ஒன்றைத் திருப்பதிக்குப் போய் வாங்கினோம்.

அக்கா வீட்டில் வைத்ததும் முள் குதித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தம்பியின் பவர்லூம். தரையே அதிரும். எந்த ரிவ்யூவிலும் இது இல்லை. அடியில் புடவையை மடித்து வைத்தோம், ஸ்பாஞ்ச் வைத்தோம்... ஒரு பாட்டுகூட முழுசாக ஓடவில்லை.

அரை மணி நேரம் தறியை நிறுத்தச் சொல்லித் தம்பியைக் கேட்டார். "பாவு நூல் அறுந்தா நிக்கும். பாட்டுக்கெல்லாம் நிறுத்துவாங்களாக்கா?" என்று தம்பி சிரித்தார். மற்ற தறிகளுக்கு லீவு விடுகிற அமாவாசைக்கும் ஓடுகிற தறி அது.

அப்புறம் கரண்ட் போனது. தறி நின்றது. டர்ன்டேபிளும் நின்றது. அக்கா சிரித்த சிரிப்பு...

கரண்ட் போனாலும் பவர் பேங்கில் ஓடும் சூட்கேஸ் பிளேயர் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தோம். அது ரெக்கார்டைத் தேய்த்துவிடுமாம் என்று தயங்கினேன்.

"தேயட்டும்டி. கேக்காம பத்திரமா வெச்சிக்கினு இன்னா பண்றது?"

இந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கப் போவதாக இருந்தோம்.

இன்று காலை போனேன். சாவு வீடு என்பதால் தறியை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து வீடுகளிலும் ஓடவில்லை. கரண்ட் இருந்தது, தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

தம்பி என் பக்கத்தில் வந்து நின்றார். டர்ன்டேபிளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இப்ப போட்டா குதிக்காது இல்லம்மா?"

குதிக்காது என்று தலையசைத்தேன். அவர் வெளியே போய்விட்டார்.

யாரும் போடவில்லை.

போய் வாங்க அக்கா.