பருப்பு வெந்த வீடு

டவுனில் எந்தப் பக்கம் குடியிருப்பது என்பதை மற்றவர்கள் எப்படி முடிவு செய்கிறார்களோ, எனக்குத் தெரியாது. கடைத்தெரு பக்கமா, அக்கம்பக்கம் எப்படி, வீட்டுக்காரர் நல்லவரா என்றெல்லாம் விசாரிப்பார்களாம். நாங்கள் மூன்று கைப்பிடி துவரம் பருப்பை வேகவைத்துப் பார்த்து முடிவு செய்தோம். சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும்போதே, மாப்பிள்ளை ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகுமா என்று கேட்டுவிட்டுத்தான் தாம்பூலத் தட்டில் கை வைப்பார்கள்.

பாலக்காட்டுப் பக்கம், முதலமடைக்குக் கிழக்கே மழை எட்டிப் பார்க்காத மேட்டுக்காடு எங்களுடையது. கடலை விளையும், சோளம் விளையும், தண்ணீர் மட்டும் பல்லை இளிக்கும். கிணற்றின் அடியில் கிடக்கிற கொஞ்சத் தண்ணீரும் உப்பு. காலையில் அடுப்பேற்றிய பருப்பு உச்சிவெயில் வரைக்கும் சட்டிக்குள் கடகடவென்று உருண்டுகொண்டிருக்கும். அம்மா பிறந்ததோ ஆற்றோரத்து ஊர். அங்கே பருப்பு கொதி வருவதற்குள் குழைந்துவிடுமாம். அம்மாவைக் கட்டிக்கொடுக்கும்போது மட்டும் அந்தத் தண்ணீர்க் கேள்வியை யாரோ கேட்க மறந்துவிட்டார்கள். பதினாலு வருஷம் அந்த உப்புத் தண்ணீரோடு அவள் மல்லுக்கட்டினாள்.

மாநிலம் பிரித்து நாங்களெல்லாம் கேரளத்துக்காரர்கள் ஆன மறு வருஷம், அண்ணன் ஹைஸ்கூலுக்குப் போக வேண்டியிருந்தது. பாலக்காட்டில் வீடு பிடித்து அம்மாவையும் எங்களையும் குடிவைப்பது, அப்பா காட்டைப் பார்த்துக்கொண்டு வாரம் ஒரு தடவை வந்துபோவது என்று ஏற்பாடு. ஏற்கெனவே டவுனில் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், எங்களோடு இருந்துகொள்வார். ஓட்டல் சாப்பாட்டில் அவருக்கு வயிறு கெட்டுப்போய், சட்டைப் பையில் எந்நேரமும் சோடா உப்புப் பொட்டலம் இருக்கும். சாப்பிட்டதும் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலந்து குடித்து ஊரே கேட்கும்படி ஏப்பம் விடுவார்.

அம்மா எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

“பருப்பு வேகற ஊடாப் பாருங்க. வேற ஒண்ணும் நான் கேக்கலீங்க.”

பதினாலு வருஷத்தில் அம்மா கேட்ட முதல் பொருள் அதுதான் என்று அப்பாவுக்கே உறைத்திருக்க வேண்டும். எந்தக் கிணற்றில் நன்றாக வேகிறதோ அந்த வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று மாமாவை வைத்துக்கொண்டே வாக்குக் கொடுத்துவிட்டார். அப்பா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். பிறகு நாலு நாள் முனகுவார், ஆனால் மாற மாட்டார்.

என் கதை வேறு. நான் ஐந்தாவது முடித்திருந்தேன். பொட்டைப் பிள்ளைக்கு இது போதும், கடைவீதியைத் தாண்டி டவுன் பள்ளிக்கூடத்துக்கு யார் கூட்டிக்கொண்டு அலைவது என்று அப்பா சொன்ன நாளில் என்னைப் போல் சந்தோஷப்பட்ட ஜீவன் அந்த ஜில்லாவிலேயே இருந்திருக்காது. பதினாறாம் வாய்பாட்டுக்கும் வாத்தியாரின் புளியங்குச்சிக்கும் ஒரே நாளில் விடுதலை! டவுனில் மகாராணி மாதிரி சன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் போகிறேன் என்று காட்டிலிருக்கிற ஆடுகளிடம்கூடச் சொல்லிவிட்டேன். அம்மா அன்றைக்குச் சோறு போடும்போது என் தட்டில் ஏனோ இரண்டு தடவை குழம்பு ஊற்றினாள். நான் அதையும் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

பங்குனியில் ஒரு நாள் ரயிலேறினோம். அப்பா தோளில் ஒரே அளவாய் வெட்டிய புளியம் விறகுக் கட்டு. அம்மா இடுப்பில் மண்சட்டி, முந்தானை முடிச்சில் பருப்பு. என் கையில் அகப்பை. பெட்டியில் எதிரே இருந்தவர், எந்தக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிறீர்கள் என்று பக்தியோடு கேட்டார். வீடு பார்க்கப் போகிறோம் என்று அப்பா சொன்னதும் அந்த மனிதர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக் காவலுக்கு நிறுத்தப்பட்ட அண்ணன் வராதது எனக்கு இன்னும் வசதியாக இருந்தது, ஓரத்து இடம் எனக்கே கிடைத்தது.

மாமா மூன்று வீடுகளைப் பார்த்து வைத்திருந்தார். விதி இதுதான்: வீட்டுக்கு ஒரு கைப்பிடி பருப்பு, அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், ஐந்து விறகு. ஐந்து விறகும் எரிந்து முடிவதற்குள் பருப்பு வெந்தாக வேண்டும். தீர்ப்பு அம்மாவுடையது.

முதல் வீடு பெரிய கடைவீதிக்குப் பின்னால், அப்பா ஆசைப்பட்ட இடம். கடலை மூட்டைகளை இறக்கிவிட்டு அப்படியே வீட்டுக்கு நடந்து வந்துவிடலாம். வீட்டுக்காரர் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர், தங்கமான மனிதர். அவருடைய முற்றத்தில் நாங்கள் மூன்று கல்லை வைத்துத் தீ மூட்டியதும் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

“ஊடு பாக்க வந்தீங்களா, விருந்து வெக்க வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டு, ஆனாலும் மரியாதைக்கு உள்ளேயிருந்து கொஞ்சம் உப்பு கொடுத்தனுப்பினார்.

நாலாவது விறகிலேயே பருப்பு வெந்துவிட்டது. அம்மா இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள். பதினாலு வருஷத்துக்கு முந்தைய முகம் ஒன்று அவளுக்கு வந்துபோனதை நானே பார்த்தேன். அப்பா அந்தப் பருப்பில் ராவுத்தர் வீட்டு உப்பைப் போட்டு, நின்றபடியே வழித்துச் சாப்பிட்டு, இனி எதற்கு மற்ற வீடு என்றார். அம்மாவோ, மூன்றையும் பார்த்துவிடுவது என்று பேச்சு என்றாள்.

இரண்டாவது வீடு கோட்டை மைதானத்துப் பக்கம், மாமாவின் விருப்பம். சாயங்காலம் காற்று வாங்கலாமாம், ஆபீஸ் கூப்பிடு தூரமாம். ஐந்து விறகும் சாம்பலானது. பருப்பு பாதி வெந்தும் பாதி வேகாமலும் மாமாவைப் பார்த்து முறைத்தது. அதையும் அப்பா வீணாக்காமல் மென்று தின்றார், மாமாவையும் தின்ன வைத்தார். மாமா அப்போதே ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது வீடு புத்தூர்ப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. ஒப்புக்குச் சேர்த்த வீடு, யாருக்கும் அதன் மேல் கண் இல்லை. வீட்டுக்கார அம்மாள் மலையாளத்துக்காரி, எங்களைக் கண்டு சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள். நான் நேராகக் கொல்லைப்புறம் ஓடி, துவைக்கிற கல்லில் ஏறி, பின்பக்கத்து மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அடேயப்பா! பலாமரத்தடியில் ஒரு யானை நின்றது. நிஜ யானை. பனையோலையைக் காலால் மிதித்துக் கிழித்துக் கிழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் காதை ஆட்டிற்று, எனக்காகவே ஆட்டிற்று என்று சத்தியம் செய்வேன்.

அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். பாலக்காட்டில் மனிதர் குடியிருக்கத் தகுந்த இடம் இது ஒன்றுதான்.

அம்மா சட்டியை ஏற்றிவிட்டு, தீயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, வீட்டுக்கார அம்மாளோடு வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போனாள். பக்கத்து மதிலுக்கு அப்பாலிருந்து ஏதோ மணி அடித்தது. பெண் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. அம்மா அந்தப் பக்கமாகவே வெகு நேரம் நின்று ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. என் கவலை சட்டிக்குள் இருந்தது. மூன்றாவது விறகு எரிந்துகொண்டிருந்தது, பருப்பு எங்கள் காட்டுப் பருப்பு மாதிரியே கடகடவென்று உருண்டது. கண் முன்னால் என் யானை கைவிட்டுப் போகிறது!

அப்போதுதான் ஒரு கல்யாண வீட்டுச் சமையல்காரர் நினைவுக்கு வந்தார். கொண்டைக்கடலை வேகவில்லை என்று வெள்ளையாய் எதையோ தூவியதும், அது சோடா உப்பு என்று நான் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்ததும் ஞாபகம் வந்தது. வேர்வைக்குக் கழற்றிய மாமாவின் சட்டை உள்ளே ஆணியில் தொங்கியது. வயிற்றைத் தடவிக்கொண்டு அவர் வாசலில் அப்பாவோடு தர்க்கம் செய்துகொண்டிருந்தார். பையில் கை விட்டேன். ஒரு சிட்டிகை போதும் என்று எனக்கு யார் சொல்வது? பாதிப் பொட்டலத்தைக் கொட்டினேன்.

சட்டி புஸ்ஸென்று பொங்கிற்று. நுரை வழிந்து அடுப்பில் விழுந்து புகைந்தது. அகப்பையால் அடித்து அடித்து அடக்கினேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. ஐந்தாவது விறகு பாதி எரியும்போது அம்மா வந்தாள்.

மூடியைத் திறந்தாள். பருப்பு கூழாகியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். சட்டியின் பக்கவாட்டில் காய்ந்திருந்த நுரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். ஈரத் துணியை எடுத்துச் சட்டியைச் சுற்றிலும் நிதானமாகத் துடைத்துவிட்டு, வாசல் பக்கம் குரல் கொடுத்தாள்.

“வெந்துருச்சுங்க. வெண்ணெயாட்டம் வெந்துருச்சு. இந்த ஊடுதானுங்க.”

அப்பா நம்பாமல் ஓடி வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, கடைவீதி வீட்டுத் தண்ணீரைவிட நன்றாக இருக்கிறதே, கொஞ்சம் கொடு பார்க்கலாம் என்று கை நீட்டினார். அதற்குள் அம்மா சட்டியோடு வாழை மரத்தடிக்குப் போய்க் கவிழ்த்துவிட்டாள். இரண்டு வீட்டில் தின்றது போதாதா, ரயிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கா என்று சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தெய்வமே இறங்கி வந்து அந்தப் பருப்பைக் கவிழ்த்ததாக நினைத்துக்கொண்டேன். அப்பா நாலு நாள் முனகினார், மாறவில்லை.

வைகாசிக் கடைசியில் சாமான்களோடு குடிவந்தோம். வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துக் கொல்லைக்கு ஓடி, கல்லில் ஏறிப் பார்த்தேன். பலாமரம் இருந்தது. முளைக்குச்சி இருந்தது. யானை இல்லை. அது கோயில் உற்சவத்துக்கு வந்த யானை, அடுத்த வாரமே போய்விட்டது என்று வீட்டுக்கார அம்மாள் மலையாளத்தில் சமாதானம் சொன்னாள். நான் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். அடுத்த உற்சவத்துக்கு வரும் என்று அவள் சொன்னது மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மறுநாள் பருப்பு அதன் சுயரூபத்தைக் காட்டிற்று. விறகு ஐந்தல்ல, பத்து எரிந்தது. அப்பா தட்டில் உருண்ட பருப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“அன்னைக்கு நல்லா வெந்துச்சே?”

“கோடையிலே தண்ணி கெட்டுப் போயிருக்குமுங்க. மழை பெஞ்சாச் சரியாயிரும்” என்றாள் அம்மா, கண்ணைக்கூட இமைக்காமல்.

இதற்குள் நான் கைகழுவப் பாதி வழி போய்விட்டேன். முதுகுக்குப் பின்னால் அம்மா இன்னொன்றும் சொன்னது காதில் விழுந்தது.

“பொட்டப்புள்ளப் பள்ளிக்கூடம் செவுத்துக்கு அந்தப் பக்கமே இருக்குதுங்க. ரோட்டைக்கூடத் தாண்ட வேண்டியதில்லை. ஊட்டுல சும்மா இருக்கறதுக்கு, போய் உக்காந்துட்டு வரட்டுமே.”

பருப்பை மென்றுகொண்டிருந்த அப்பாவுக்கு மறுப்புச் சொல்ல வாய் ஒழியவில்லை. என்னமோ பண்ணு என்று கையை ஆட்டிவிட்டார். என் மகாராணி வாழ்வு ஒரே நாளில் முடிந்தது. திங்கட்கிழமை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையோடு என்னை ஆறாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். திருட்டுத்தனம் செய்ததற்குச் சாமி கொடுத்த தண்டனை என்றே நம்பினேன். சொன்னால் வெட்கம், ஒரு மாதத்தில் அந்தத் தண்டனை எனக்குப் பிடித்துப்போய், லீவு நாள் வந்தால் மதில் வழியாகக் காலிப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்கிறவளாகிவிட்டேன்.

மழை பெய்தது. தண்ணீர் சரியாகவில்லை. எதிர்த் தெருக் கோயில் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. விடிந்ததும் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு அங்கே போவாள். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும் வரை ஆறு வருஷம், மழையானாலும் வெயிலானாலும், சமையலுக்கு இரண்டு குடம்.

கல்யாணமாகி நானும் ஓர் உப்புத் தண்ணீர் ஊரில் அடுப்படிக்கு வந்த பிறகு, அவசரத்துக்கு ஒரு நாள் பருப்பில் சோடா உப்புப் போட்டேன். ஒரே ஒரு சிட்டிகைதான். நிறம் மங்கி, நாக்கில் வைத்தால் சோப்பு ருசி. உப்புத் தண்ணீரோடு பதினாலு வருஷம் போராடியவள் என்ன, சமையலே தெரியாதவர்களும் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு அழுகையாகிவிட்டது.

ஆனால் அந்த ஆறு வருஷமும் எனக்கு ஒன்றும் தெரியாது. புத்தகப் பையோடு வாசல்படியில் நிற்கும்போது, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக அம்மா சந்து திரும்பி வருவாள். தண்ணீர் அலம்பித் தோளெல்லாம் நனைந்திருக்கும், முகம் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி இருக்கும். பாவம், விவரம் தெரியாத அம்மா, இத்தனை சுலபமாக என்னிடம் ஏமாந்துபோய்விட்டாளே என்று எனக்கு அவள்மேல் அப்படி ஓர் இரக்கம் வரும்.