அனாமத்தில் கிடந்த வாடகை

எங்கள் நிலுவைப் பிரிவில் அவருக்குக் 'கறார் அக்கா' என்று பெயர். நகராட்சிக் கடைகளில் வாடகை பாக்கி வைத்தவர்களிடம் வசூலிப்பது அவர் வேலை. நோட்டீஸ் ஒட்டுவதும், அவர் சொன்னால் கடையைப் பூட்டி அரக்கு சீல் வைப்பதும் என் வேலை. கல்லில் நார் உரிக்கிற மனுஷி. ஒரு டீக்குக்கூட யாரிடமும் கடன் சொன்னதில்லை. பாக்கித் தொகையைக் கடை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பார். பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தால் பணம் தானாக வரும் என்பார். எனக்கு அது பிடிக்காது. ஆனால் பணம் வந்துவிடுமே, என்ன செய்ய?

அவர் ஓய்வு பெற இருபது நாள் இருக்கும்போது ஒரு தையற்காரர் கடைக்கு சீல் வைக்கப் போனோம். பதினாலு மாத பாக்கி. மனுஷன் சண்டை போடவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து மேசையில் கவிழ்த்தார். அத்தனையும் வங்கி ரசீதுகள்.

"மாசா மாசம் கட்டிட்டுத்தாம்மா இருக்கேன். உங்க ஆபீசுக்கு மூணு தடவை நடந்தேன். யாராவது காதுல போட்டுக்கிட்டீங்களா?"

அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகம் வெளுத்துவிட்டது. "இன்னிக்கு வேணாம், வா தம்பி" என்று கிளம்பிவிட்டார்.

விஷயம் இதுதான். பதினாலு மாதத்துக்கு முன் கடைகளுக்குப் புது எண் கொடுத்தோம். தையற்காரர் பழைய எண்ணையே எழுதிக் கட்டியிருக்கிறார். எந்தக் கடைக்கு என்று தெரியாத பணம் அனாமத்துப் பேரேட்டில் போய் உட்காரும். மாதம் ஒருமுறை அதைப் பிரித்து அந்தந்தக் கடைக்கு வரவு வைக்க வேண்டியவர் அக்காதான். பாக்கிப் பட்டியலைத் தினமும் பார்த்தவர், இந்தப் பேரேட்டைத் திறக்கவே இல்லை. வசூல் ஏறினால் மேலதிகாரி பாராட்டுவார். அனாமத்தைப் பிரித்தால் எவன் கேட்கப்போகிறான்?

"சத்தமில்லாம வரவு வெச்சிடுங்கக்கா. எழுதிக் குடுத்தீங்கன்னா ஓய்வுப் பணத்த நிறுத்திடுவாங்க. வீட்டுல மாமாவோட இடுப்பு ஆபரேஷன் அதை நம்பித்தானே இருக்கு? சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்காதீங்க" என்றேன்.

"அபராத வட்டி ஏறிக் கெடக்கே! அதைத் தள்ளுபடி பண்ண காரணம் எழுதணும். என் தப்புன்னு எழுதலேன்னா, அது அந்த மனுஷன் தலையிலதான் விடியும்."

எழுதிவிட்டார். விசாரணை முடியும்வரை ஓய்வுப் பணம் நிறுத்தம் என்று மூன்றாம் நாளே உத்தரவு வந்தது. அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை, அவ்வளவு கோபம். தையற்காரர் கடை தப்பியது.

அதோடு விட்டாரா? மிச்ச நாளெல்லாம் அந்தப் பேரேட்டோடுதான் மல்லுக்கட்டினார். பணம் கட்டியும் கடன்காரர் ஆனவர்கள் இன்னும் ஆறு பேர் அகப்பட்டார்கள். ஐந்து பேரிடம் நேரில் போய்த் தன் தப்பைச் சொல்லிவிட்டு வந்தார்.

கடைசி நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "அந்தச் செருப்புக் கடைக்காரர் இப்ப எங்க இருக்காரு, தெரியுமா தம்பி?"

தெரியாது. ஆறு மாதத்துக்கு முன்பே குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். "கட்டிட்டேன்யா, சத்தியமா கட்டிட்டேன்யா" என்று அவர் என் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, உதறிவிட்டு அந்தக் கடைக்கு சீல் வைத்தவன் நான்தான்.