முதலில் தொட்ட இடம்

யாங்செனின் கை வேலைக்குப் பழகிய கை. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கண் மூடியவர்களின் காலை விறைக்குமுன் நீட்டிவிடுகிற கை.

அவளுடைய அம்மாவுக்கு அந்தக் கையைக் கண்டாலே பயம். "நான் செத்தால் நீ என்னைத் தொட்டிடாதை. லாமா வந்து உச்சந்தலையிலை தொடட்டும்," என்று மகள் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லுவாள். திபெத்தியருக்கு அப்படியொரு நம்பிக்கை. செத்தவரை முதலில் எங்கே தொடுகிறோமோ, அந்த வழியாகத்தான் உயிர் வெளியேறும். உச்சி வழியே போனால் நல்ல பிறப்பு. கால் வழியே போனால் புழு, பூச்சி.

யாங்சென் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தாள்.

ஒருநாள் காலை, வேலைக்குப் புறப்படுமுன் அம்மாவின் போர்வையை விலக்கினாள். மூச்சில்லை. அழுகை வருமுன்னே கை போய்விட்டது. இரண்டு காலையும் பிடித்து, நீட்டி, சேர்த்து வைத்தது. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சுட்டதுபோல் கையை இழுத்தாள். இழுத்து என்ன பயன்?

அரைமணித் தூரத்திலிருந்த விட்பியிலிருந்து அண்ணன் நோர்பு வந்தான். அம்மா பாயும் படுக்கையுமாகக் கிடந்த காலமெல்லாம் டிராபிக் என்று சாட்டுச் சொன்னவன், அன்றைக்கு லாமாவுக்கும் முன்னால் வந்து நின்றான்.

"ஆர் முதல் தொட்டது?"

பொய் சொல்லியிருக்கலாம். பாவி, அவளுக்கு அது வராது.

"நான்தான் அண்ணை. காலிலை."

நெய் விளக்கு ஏற்ற வந்திருந்த பார்க்டேல் திபெத்தியச் சனம் முழுவதுக்கும் கேட்கும்படி நோர்பு சொன்னான்: "பெத்த தாயைப் பூச்சியாக்கிப் போட்டாய்."

பிரார்த்தனை எல்லாவற்றையும் சரிக்கட்டும் என்றார் லாமா. நல்ல மனிதர். ஆனால் நல்லவர் சொல் காதோடு நின்றுவிடும், கெட்டவன் சொல்தான் நெஞ்சுக்குள் இறங்கும். உலகம் அப்படித்தான் இருக்கிறது.

உயிர் மறுபிறப்பு எடுக்கும்வரை செய்கிற நாற்பத்தொன்பது நாள் சடங்கும் முடிந்தது. பனி கரைந்த காலத்தில், கட்டட நிர்வாகம் கரப்பானுக்கு மருந்தடிக்க ஆளனுப்பியது. யாங்சென் கதவை மறித்து நின்றாள்.

"இன்னொரு நாளைக்கு வாங்கோ, பிளீஸ்."

"முழு பில்டிங்குக்கும் இண்டைக்குத்தான் அன்ரி. தள்ளுங்கோ."

அவன் அடித்துவிட்டுப் போனபிறகு உள்ளே வந்தாள். அம்மாவின் கட்டிலடியில் ஒரு கரப்பான் மல்லாந்து கிடந்து உதைத்துக்கொண்டிருந்தது. யாங்சென் முழங்காலில் இருந்தாள். அது அடங்கும்வரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு விரலை நீட்டி, அதன் தலையைத் தொட்டாள்.