சிவப்பு மை போட்ட நோட்டு

அருப்புக்கோட்டையில் என் மகள் படிக்கும் மூன்றாம் வகுப்பின் பெற்றோர் கூட்டத்தில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். விசைத்தறியிலிருந்து நேரே வந்திருந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. தறிச் சத்தத்தில் பழகிய குரல், எதைச் சொன்னாலும் உரக்கத்தான் வந்தது.

டீச்சர் அவள் மகளின் கணக்கு வீட்டுப்பாட நோட்டை விரித்துக் காட்டினார். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. "கூட உக்காந்து திருத்தி அனுப்ப மாட்டீங்களா? இப்படியே போனா கடைசி பெஞ்சுதான்."

பிறகு என் மகளின் நோட்டைத் தூக்கிப் பிடித்தார். "இதப் பாருங்க, ஒரு தப்பு இல்ல."

அதில் பாதி விடைகள், மகள் போட்டதை அழித்துவிட்டு அவள் கையெழுத்து மாதிரியே நான் எழுதியவை.

அந்தப் பெண் அசரவில்லை. "திருத்தத் தெரியாம இல்ல டீச்சர், நானும் பத்தாவது படிச்சவதான். வீட்டுலயே நான் திருத்திட்டா, அவளுக்கு எது வரலன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீக? இழை அறுந்தா தறிய நிப்பாட்டித்தான் முடிபோடணும். அப்படியே ஓட்டுனா துணி வீணு. கடைசி பெஞ்சுல போடுங்க, நானும் வந்து பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். டீச்சர் நோட்டை மூடினார்.

வெளியே செருப்பு மாட்டும்போது என்னிடம் கேட்டாள்: "ஒங்க பிள்ளைக்கு எந்தக் கணக்கு வராதுக்கா?"

குத்தலாகக் கேட்டாளா, அக்கறையாகவா, இன்னும் புரியவில்லை. எந்தக் கணக்கு என்று எனக்கே தெரியாது. தப்பையெல்லாம் நான்தான் அழித்திருந்தேனே.

இன்று காலை, கழித்தலில் மூன்று தப்போடு நோட்டை அனுப்பியிருக்கிறேன். டீச்சர் கூப்பிட்டால் போவேன். இந்த முறை எதையும் அழிக்கவில்லை.