வெப்சைட்டோடு சேர்ந்து போன சாம்பிள் ஷூ

ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் இருக்கிறேன். கம்பெனி வெப்சைட்டை நான்தான் செய்தேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதியதைச் சேமித்து வைக்கும் ஓர் இணையதளம் உண்டு. அதில் நம் ஃபோல்டரை ஏற்றிவிட்டால், அதையே இலவசமாக வெப்சைட்டாகக் காட்டும்.

ஏற்றிச் சில நாள் கழித்து, சாம்பிள் ரூம் நசீர் பாய் என் மேஜைக்கு வந்து மெதுவாகக் கேட்டார்.

"இன்னாம்மா, நம்ம வின்டர் சாம்பிள் நெட்ல வருது? ஷூவோட ஆர்ட்டிகிள் நம்பர் போட்டு தேடினேன், போட்டோவே வந்துச்சு."

நானும் உடனே தேடிப் பார்த்தேன், வந்தது. வெப்சைட் பக்கங்களில் சேர்த்த படம் மட்டும்தான் வெளியே தெரியும் என்று நம்பி, சாம்பிள் போட்டோக்களையும் அதே ஃபோல்டரில் வைத்திருந்தேன். ஆனால் ஃபோல்டர் முழுவதுமே எல்லோருக்கும் திறந்து கிடந்தது. சீசனுக்கு முன்னால் டிசைன் வெளியே போனால் எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் ஆர்டரையே கேன்சல் செய்துவிடுவார். தையல் லைனில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் வேலை போய்விடும்.

படங்களை அழித்தேன். அதன் பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அழித்ததையும் பழைய பதிப்பு என்று அந்தத் தளம் பத்திரமாக வைத்திருந்தது. யாரும் திறந்து பார்க்கலாம். மொத்தத்தையும் நீக்கிவிட்டு, எழுத்து மட்டும் உள்ள பக்கங்களைப் புதிதாக ஏற்றினேன்.

சாயங்காலம் பையரின் ஏஜென்ட் வந்தார்.

"உங்க வெப்சைட் பார்த்தேம்மா" என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவரே தொடர்ந்தார்.

"ஷூ கம்பெனின்றீங்க, ஒரு ஷூ படம்கூட இல்லையே?"

இப்போது சாம்பிள் போட்டோக்கள் நெட் லைன் இல்லாத கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. எதை ஏற்றினாலும் முதலில் நசீர் பாய் ஃபோல்டரைத் திறந்து பார்க்கிறார். ஏஜென்ட் கேட்டதற்காகப் பழைய சீசன் ஷூ ஒன்றின் படம் போட்டோம். அதை ஏற்றும் முன்னும் நசீர் பாய் ஃபோல்டரை இரண்டு தடவை திறந்து பார்த்தார்.