காப்புக் கையும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது மாசாய் டவுனில் எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தீமிதிக்குக் காப்புக் கட்டிய அன்று, கறி மீன் கூடாது, முடி வெட்டக் கூடாது என்று மற்றவர்களிடம் சொன்ன பூசாரி, என்னிடம் மட்டும், "நீங்க வாயையும் கையையும் அடக்குங்க, அது போதும்" என்றார்.

மகளுக்காக வைத்த வேண்டுதல் அது. ஐந்து வயதில் டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்தால் பூக்குழி இறங்குகிறேன் என்று அழுது வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். தீமிதி முடியும்வரை மணிக்கட்டில் இருக்கும் மஞ்சள் கயிறு அறுபடக் கூடாது. அறுந்தால் வேண்டுதல் போயிற்று, பிள்ளைக்கும் மறுபடி ஏதாவது வரும் என்று உறுதியாக நம்பினேன்.

தீமிதிக்கு நான்கு நாள் இருந்தது. எங்களுடையது இருபது வருடப் பழைய கார். சாவியைத் திருப்பினால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் பன்றியை அறுப்பது போல் கத்தும். பேட்டரி விளக்கும் அணையாமல் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி வேலைக்குப் போனபின், அவளுடைய அண்ணன் புது பெல்ட்டோடு வந்தார். தம்போயில் கார் வொர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறவர். நிதானமான மனிதர். அந்த நிதானம்தான் எனக்கு ஆகாது.

"காப்புக் கையோட எதுக்கு மாப்ள? தள்ளி நில்லுங்க, நான் பாக்குறேன்" என்றார், பெல்ட் உறையைக் கத்தியால் கிழித்துக்கொண்டே.

"என் காரு மச்சான். எனக்கும் தெரியும் லா."

பழைய பெல்ட்டைப் பிடுங்கிவிட்டுப் புதியதை மாட்டினேன். அடுத்தது அதை இறுக்குவது. ஆல்டர்னேட்டரை இரும்புக் கம்பியால் நெம்பிப் பிடித்துக்கொண்டு மேல் போல்ட்டை முறுக்க வேண்டும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது அரை அங்குலம் இறங்கினால் சரி. நான் நெம்பிய வேகத்தில் கம்பி வழுக்கி, விரல் முட்டிகள் இரும்பில் மோதித் தோல் பிய்ந்தது. மறுபடி நெம்பினேன்.

"இவ்ளோ இழுத்தா பேரிங் போயிரும் மாப்ள."

எரிச்சலில் வேண்டுமென்றே தளர்த்திவிட்டுப் போய் எஞ்சினைப் போட்டேன். பெல்ட் மறுபடி அலறியது. மச்சான் சிரித்துவிட்டார்.

"இப்ப ரொம்ப லூசு. நிப்பாட்டுங்க, மறுபடி இழுக்கலாம்."

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று மனைவி வாரம் இரண்டு முறையாவது சொல்வாள். எஞ்சினை நிறுத்தாமலே குனிந்து போல்ட்டில் ஸ்பானரைப் போட்டேன். காப்பின் தொங்கும் நுனியைப் பெல்ட் கவ்விக்கொண்டது.

காப்புக் கயிறு அறுந்துவிடக் கூடாது என்றுதான் பல இழைகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டுவார்கள். அது அறுபடவில்லை. கையை இழுத்தது. மணிக்கட்டு இரும்பில் அடித்து மாட்டிக்கொள்ள, கயிறு சதைக்குள் இறங்கியது. சுழலும் சக்கரம் விரல் நுனியைச் சீவியது. நான் கத்தியது பெல்ட்டின் கத்தலில் எனக்கே கேட்கவில்லை. மச்சான் கத்தியைக் கயிற்றுக்கு அடியில் செருகி ஒரே இழுப்பாக இழுத்தார். கயிற்றோடு என் தோலும் அறுந்தது.

கை வெளியே வந்தது. ஐந்து விரலும் மிச்சம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வெறும் மணிக்கட்டுதான் கண்ணில் பட்டது.

"காப்ப அறுத்துட்டீங்களே" என்றேன்.

அந்த ரத்தக் கையாலேயே அவர் வாயில் குத்தினேன். அவர் காரில் சாய்ந்தார். மறுபடி குத்தினேன். உதடு கிழிந்து, பல்லெல்லாம் சிவப்பானது. "என் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்கள கொன்னுருவேன்" என்றேன். நிஜமாகவே கொன்றிருப்பேன். அவர் திருப்பி அடிக்கவில்லை. காருக்குள் கை விட்டு எஞ்சினை நிறுத்தினார். கம்பியை எடுத்து, ரத்தத்தைத் துப்பிக்கொண்டே பெல்ட்டை இறுக்கினார். நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"வாங்க, தையல் போடணும்."

அப்போதுதான் வாசல் கிரில்லைப் பிடித்தபடி மகள் நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அவளையும் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். கார் கத்தவில்லை.

கிளினிக்கில் இருந்த நர்ஸ் தமிழ்ப் பெண். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மகளிடம் குனிந்தாள். "அப்பாக்கு என்னாச்சு மா?"

"அப்பா மாமாவ அடிச்சுட்டாரு."

"அப்பா கை எப்படி வெட்டுச்சு?"

"அப்பா மாமாவ அடிச்சுட்டாரு" என்றாள் மறுபடியும்.

நல்ல கையை நீட்டி, "வாம்மா" என்றேன். அவள் மச்சானின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். கிழிந்த வாயோடு அவர்தான், "அப்பாகிட்ட போ மா, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிப் பார்த்தார்.

அவள் வரவில்லை.